கூரைக் கல்

என் பெயரோடு ஒருத்தி
ஹட்டனிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினாள்.
வெயிலும் தூறலும் சேர்ந்தடித்த மத்தியானம்.
மேட்டு லயத்துப் பிள்ளைகள்
வெள்ளைக்காரியைப் பார்க்க ஓடி வந்தார்கள்.
வந்ததோ எங்கள் நிறம்,
எங்களைப் போலவே அகன்ற பாதம்.

பவளக்கொடி என்று தன்னைச் சொன்னாள்,
ளகரம் வழுக்கி, டகரம் தடித்து.
நானும் அதையே சொன்னேன்.
மொழிபெயர்க்க வந்த சலீம் நானா
பெயர்க்க ஒன்றுமில்லாமல்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எனக்கு மூன்று வருடம் முந்தியவள்.
ஆஸ்பத்திரியில் செத்துப்போனவள்.
"பாக்காத, மனசு தாங்காது" என்று
உடலைக் காட்டாமலே அம்மாவை அனுப்பிவிட்டார்கள்.
தைத்து வைத்திருந்த சட்டையை
அப்பா கருப்பந்தைல மரங்களுக்குக் கீழே புதைத்தார்.
ஆற்றிலிருந்து ஒரு தட்டைக் கல்லைத்
தோளில் தூக்கி வந்து மேலே வைத்தார்.
அடுத்துப் பிறந்த எனக்கு அதே பெயர்.
போனவளே திரும்பிவிட்டதாக
வீட்டில் கணக்கு.

அதனால் ஒவ்வொரு தீபாவளிக்கும்
என் பெயருக்கு நானே சூடம் கொளுத்தினேன்.
காய்ச்சல் வந்தால் பயம் பிடிக்கும்:
கல் ஏற்கெனவே இருக்கிறது,
ஆள்தான் பாக்கி.

அவள் பையிலிருந்து ஒரு காகிதம் எடுத்தாள்.
மடிப்பில் கிழிந்து, ஒட்டி, மறுபடி கிழிந்தது.
தாய் சம்மதித்துக் கொடுத்தாள் என்று இருக்கிறதாம்.
கீழே ஊதா மையில் ஒரு பெருவிரல்.
நாற்பது வருடம்
அந்த விரலோடுதான் சண்டை போட்டிருக்கிறாள்.

அம்மா, கொழுந்துக் கறை போகாத கையைச்
சேலையில் துடைத்துக்கொண்டு பேனா கேட்டாள்.
பால்மாப் பெட்டியின் அட்டையில்
எழுத்துக்கு எழுத்து மூச்சு வாங்கி
சி வ ன ம் மா
என்று எழுதினாள்.
"மூணாம் வகுப்பு படிச்சவ நான்.
சம்பளத்துக்கு ஒருநாளும் கைநாட்டு வச்சதில்ல.
இது யாரு வெரலோ."

நானா சொல்லி முடிக்கவில்லை.
அதற்குள் அவள் அட்டையைக் கிழித்தெடுத்து
மடியில் வைத்துக்கொண்டாள்.

கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று
கீழ் லயத்தில் இன்றும் சொல்கிறார்கள்.
இல்லை.
அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.
மாவைப் பிசைந்தாள், பிசைந்துகொண்டே இருந்தாள்.
எனக்கும் ஒரு கெட்ட புத்தி:
முப்பத்தேழு வருடம் இரவலில் ஓட்டிய பெயரை
இனித் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

ராத்திரி, நானா போன பிறகு,
விரலால் சுட்டிச் சொன்னேன்.
நீ பவளம். நான் கொடி.
அவள் தலையாட்டினாள்.
இருட்டிலிருந்து அம்மா:
"பாதி பாதியாப் பிச்சுக்க அது என்ன ரொட்டியா?
ரெண்டு பேரும் முழுசா வச்சுக்கங்க.
நான் கூப்பிட்டா
ரெண்டு பேரும் வாங்க."

காலையில் மூவரும் கல்லடிக்கு ஏறினோம்.
அட்டை கடித்து அவள் கணுக்காலில் ரத்தம்.
போன வருடம், குழாயில் துப்பி அனுப்பச் சொன்னபோது
"எச்சியக் காட்டித்தான் எம்புள்ளன்னு தெரியணுமா" என்று
சீறிய அம்மா,
இப்போது குனிந்து
வெற்றிலை எச்சிலை விரலில் தொட்டு
அந்தக் காலில் அழுத்தினாள்.
ரத்தம் நின்ற பிறகும்
கையை எடுக்கவில்லை.

தோண்டலாமா என்று சைகையில் கேட்டாள்.
வேண்டாம். சட்டை மண்ணாகியிருக்கும்.
கல்லை மட்டும் புரட்டினோம்.
அடியில் வெளிறிய வேர்கள், ஒரு மரவட்டை.

அவள் திரும்பிப் போய் இரண்டு மாதம்.
ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் வரும்.
சில ஞாயிறு அம்மா பேச மாட்டாள்,
சில ஞாயிறு அவள் எடுக்க மாட்டாள்.

கல் எங்கள் கூரையில் இருக்கிறது,
கிழக்கு மூலைத் தகரத்தின் மேல்.
காற்றடிக்கிற இரவுகளில்
தகரம் படபடக்கும்.
பறப்பதில்லை.