காய்வதற்குள்

ஒஹாயோவில் மே மாதக் காற்று
பெயின்ட் அடிக்க விடாது.
ஆனால் நாலு மணிக்கு ரோவீனா வந்துவிடுவாள்.

துருவைச் சுரண்டியாயிற்று.
வினிகரில் ஊறிய திருகுகள் காபி டின்னில்.
ஸ்ப்ரே டப்பாவைக் குலுக்கினால்
உள்ளே கிடக்கும் கோலி
கதவைத் தட்டுகிறது.

மெல்லிசாக மூன்று தடவை அடிக்கணும்.
டெல்பர்ட்டுக்கா பொறுமை?
கைப்பிடியில் வழிந்து
நின்றுவிட்டது ஒரு நீலச் சொட்டு.

வந்தவள் காரை அணைக்கவில்லை.
இரும்பு நாற்காலிகள் இரண்டில்
பங்கு பிரித்ததில் தனக்கு வந்ததை
பின்சீட்டில் படுக்கவைத்தாள்.
"இன்னும் ஒட்டுது" என்றாள்
விரலைப் பார்த்து.

நீலம் படிந்த புல்தரையில்
இரண்டு நாற்காலிகள் இருந்த இடம் மட்டும்
பச்சை.

சனிக்கிழமை
புல்வெட்டும் எந்திரத்தை
அதைச் சுற்றிக்கொண்டு தள்ளிப்போனான்.