கேட் திறப்பதற்குள்

நீடாமங்கலம் கேட் விழுந்து
பதினெட்டு நிமிஷம்.
முன்னால் வைக்கோல் டிராக்டர்,
பின்னால் மன்னார்குடி பஸ்,
நடுவில் முன்னூறு மூட்டை நெல்லோடு நான்.
வண்டி என்னுடையதில்லை.
நேற்று ஓட்டியதும் வேறு வண்டி.

போனில் கோட்டூர் முதலாளி.
"வைரக்கண்ணு, பெர்மனென்ட்டா வந்துடு.
ஏஜென்சிக்காரனுக்கு எதுக்குத் தினம் நூறு ரூவா கமிஷன்?
கேட்லதான நிக்கிற, மணிச் சத்தம் கேக்குது.
ரயில் போறதுக்குள்ள சொல்லு."

ரயில் இன்னும் வரவே இல்லை.

ஆக்டிங் டிரைவர் என்று பேர்.
நடிப்பு ஒன்றுமில்லை,
கிளட்ச் மிதித்தால் நிஜமாகவே முட்டி வலிக்கிறது.
காலை ஆறு மணிக்கு ஜெனிட்டா கூப்பிடுவாள்.
முகம் பார்த்ததில்லை, இருமினால் தெரியும்.
"பதினேழாம் நம்பர் அண்ணா, இன்னைக்கு வலங்கைமான்."
வர முடியாது என்று சொல்லலாம்.
மாமனார் கருமாதிக்கு அப்படித்தான் சொன்னேன்.
ஒருவரும் திட்டவில்லை.
அடுத்த ஒன்பது நாள்
ஒருவரும் கூப்பிடவும் இல்லை.

குடோனில் இடமில்லை என்று
மூன்று நாள் வரிசையில் நிறுத்தினால்
பெர்மனென்ட்காரனுக்கு அது தலைவிதி,
எனக்கு மூன்று நாள் சம்பளம்.
படுதா ஒழுகி மூட்டை முளைவிட்டால்
முதலாளி அவன் சட்டையைத்தான் பிடிப்பார்.
என் பேரில் எதுவும் முளைக்காது.

அதுதான் சங்கடமும்.

பெரியவளைப் பெண் பார்க்க வந்தவர்கள்
காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார்கள்:
அப்பா எந்த வண்டி ஓட்டுறாரு?
எல்லா வண்டியும், என்றேன்.
சிரித்தார்கள்.
பிறகு தகவல் இல்லை.

வைகாசிக் கடைசியில் மேட்டூர் திறந்து
வெண்ணாற்றில் புதுத்தண்ணி நுரைத்து வரும்போது
பாலத்தில் நின்று பூப்போடுகிறார்கள்.
நான் விரல் விடுகிறேன்.
நாற்று, நடவு, களை, கதிர், அறுப்பு, மூட்டை.
அதுவரை ஜெனிட்டா இருமல் கேட்காது.
தண்ணீர் வந்த அன்று
எனக்குக் கோடை தொடங்குகிறது என்று
இந்த ஊரில் சொன்னால்
ஆற்றில் தள்ளிவிடுவார்கள்.

பெர்மனென்ட்டாகவும் இருந்தவன்தான்.
பூந்தோட்டத்தில் பதினோரு வருஷம், ஒரே வண்டி.
மூன்றாவது கியர் அடம்பிடிக்கும், எனக்கு மட்டும் விழும்.
கண்ணாடிக்குக் கீழே அங்காளம்மன் ஒட்டி வைத்திருந்தேன்.
ஒரு செவ்வாய்க்கிழமை போனால் ஷெட் காலி.
நாமக்கல்காரருக்கு விற்றாயிற்றாம்,
அம்மனையும் சேர்த்து.
சீட்டுக்கு அடியில் என் லுங்கி ஒன்றும் போயிற்று.
சொல்ல மறந்துட்டேன்டா, என்றார்.

ஏஜென்சி மறப்பதில்லை.
சாயங்காலம் சாவியைக் கொடுத்துடணும் என்று
காலையிலேயே சொல்லிவிடும்.

கூட்ஸ் வருகிறது.
எண்ணுகிறேன், வேறு வேலை என்ன.
போன வாரம் நான் கொண்டுவந்து இறக்கியதும்
இதில் எங்கோ போகலாம்.
எனக்கு அடையாளம் தெரியாது,
நெல்லுக்கும்தான் என்னைத் தெரியாது.
நாற்பத்திரண்டு. கார்டு பெட்டி.
பச்சைக்கொடிக்காரர் கொட்டாவி விடுகிறார்.

"முதலாளி, ஒண்ணு கேக்கணும்.
நான் குட்டை. சீட்டை முன்னால இழுத்து வச்சா
வேற யாரும் தொடமாட்டாங்கள்ல?"
சிரித்தார். "உன் வண்டிடா அது."

"விக்கிறப்ப ஒரு வாரம் முன்னாடி சொல்வீங்களா?"

சிரிப்பு நின்றது.
கேட் ஏறத் தொடங்கியது.
அவர் ஏதோ சொன்னார்,
பஸ்காரன் ஹாரனில் விழுந்து நசுங்கிவிட்டது.
எத்தனை தள்ளி நிற்கிறான் என்று
இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன்.
வானம் தெரிந்தது.
நேற்று ஓட்டியவன் நெட்டையன்.
காலையிலிருந்து திருத்தாமலே
ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.