தாங்கல்

விடிகாலை மூன்று பத்து.
பனிக்கட்டிக் கிண்ணத்தில் வைத்துக்
கையோடு கொண்டுவந்தார்கள் ரத்தத்தை.
குழந்தைவேலு, நாற்பத்தாறு, பிறையில் லோரி ஓட்டுகிறவர்.
இயந்திரம் கொஞ்சம் முனகி அச்சிட்டது:
ஏழு புள்ளி பூஜ்ஜியம் ஒன்பது.

இருக்க வேண்டியது ஏழு புள்ளி நாலு.
கடைக்காரர் என்றால்
சில்லறை இல்லை என்று விட்டுவிடுகிற வித்தியாசம்.

மறுபடி ஓட்டினேன். அதே எண்.
பைகார்பனேட் ஆறு,
இருபத்துநாலு இருந்திருக்க வேண்டிய இடத்தில்.
தொலைபேசியில் சியூ லிங் ஒவ்வொரு எண்ணையும்
திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டாள்.

படிவம் ஆறில் இரண்டு பீக்கர் வைத்தோம்.
வெறும் தண்ணீர்
ஒரே சொட்டு அமிலத்தில் ஏழிலிருந்து நாலுக்கு விழுந்தது,
மாடிப்படியில் கால் தவறியவன் மாதிரி.
மற்றதில் தாங்கல் கரைசல்.
ஒரு சொட்டு, பத்து, இருபது.
முள் அசையவில்லை.
ஜெயசுதா மீட்டரைத் தட்டிப் பார்த்தாள்.
மீட்டர் கெடவில்லை.
உள்ளே ஒவ்வொரு சொட்டுக்கும்
ஏதோ ஒன்று செலவாகிக்கொண்டிருந்தது.
கணக்கு வெளியே தெரியாது, அவ்வளவுதான்.
முப்பத்தெட்டாவது சொட்டோ என்னவோ,
அப்புறம் நாங்கள் எண்ணவில்லை,
முள் விழுவதைத்தான் பார்த்தோம்.

தாங்கல்.
ஏரிக்கும் அந்தப் பெயர் உண்டு.
முன்னால் மனத்தைச் சேர்த்தால்
வீட்டில் யாரும் யாரோடும் பேசாத ஒரு வாரம்.

நேற்று மதியம் ஆயர் ஈத்தாமில் அசாம் லக்சா தின்றேன்.
புளியில் பல் கூசியது, கண்ணில் தண்ணீர்.
என் ரத்தத்தில் ஒரு புள்ளி நகர்ந்திருக்காது.
வேண்டாததை மூச்சில் கலைத்துவிட்டு
படகுத்துறையில் காற்று வாங்கினேன்,
எதுவும் நடக்காதவளாக.

அடுத்த மாதிரி வாங்க வார்டுக்குப் போனபோது
கதவருகே அவர் மனைவி.
"நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தாங்க இருந்தாரு.
ஈப்போ போயி லோடு எறக்கிட்டு வந்தாரு."
கையில் காலியான இன்சுலின் பேனா.
போன வாரமே தீர்ந்துவிட்டதாம்.
இளம் டாக்டர் நம்பாமல் முகத்தைத் திருப்பினார்.
நான் நம்பினேன்.
நேற்று ராத்திரி வரைக்கும்
அவர் நன்றாகத்தான் இருந்திருப்பார்.

உள்ளே அவர் மூச்சு,
மலை ஏறுகிற லோரி மாதிரி, ஆழமாக, நிற்காமல்.
அழுகத் தொடங்கிய பழத்தின் வாசனை.
வேலை விட்டுப் போகாத கடைசி ஆள் நுரையீரல்,
அமிலத்தைக் காற்றாக்கி
வெளியே வாரி இறைத்துக்கொண்டிருந்தது.

ஆறு மணிக்கு ஏழு புள்ளி ஒன்று ஒன்பது.
பாலத்தின் மேல் விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தார்கள்.
"ஏறிடுச்சா?"
"ஏறியிருக்கு."
"எவ்ளோ?"
"புள்ளி ஒன்னு."
"அவ்ளோதானா?"

அது எவ்வளவு என்று
எப்படிச் சொல்வது?
"கீழே போய்ப் பசியாறிட்டு வாங்க" என்றேன்,
"அதுக்குள்ள அடுத்தது வந்துரும்."
அவள் போகவில்லை.
காலிப் பேனாவின் மூடியைத்
திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.