பால்கனியில் ஒரு மரம்

ஓல்ட்டனில் டிசம்பருக்கு மூடுபனி என்று இன்னொரு பெயர்.
பாலத்தில் பாதிவரை நடந்துதான்
ஆற்றுக்கு அக்கரை இருப்பதையே நம்ப வேண்டும்.
அந்தப் பனிக்குள்ளால் ஒரு மரத்தைத் தோளில் சுமந்து வந்தேன்,
நாற்பத்தைந்து பிராங்.
எங்கள் வீட்டுக்கு வந்த முதல் மரம்.

நாங்கள் சைவம்.
ஆனால் வகுப்பில் எல்லோரும் மரம் வரைந்தபோது
சாருகா கறுவாவை வரைந்திருக்கிறாள்.
உங்கள் வீட்டில் மரம் இல்லையா என்று கேட்டதற்கு
பூனை இருக்கிறது என்றிருக்கிறாள்.

கறுவாப்பட்டை நிறம். ஒன்றரை வயது.
நான் ரயில்பெட்டி கழுவும் கொட்டகையில்
ஓரிரவு என் கையுறைக்குள் வந்து படுத்தது.

பூனைக்கு மரம் எதற்கு?
ஏறத்தான், வேறென்ன.
முதல்நாள் இரண்டாம் கிளை; ஒரு கண்ணாடிக் குண்டு போனது.
மறுநாள் அடிச்சட்டியில் இருந்த தண்ணீரைக் குடித்தது,
பிசின் ஊறிய தண்ணீர் ஆகாதென்று பிறகுதான் அறிந்தேன்.
மூன்றாம் நாள் உச்சி.
நட்சத்திரம், மரம், பூனை, மூன்றும் விழுந்தன.
பூனை மட்டும் காலில் நின்றது.

மரத்தை ஜன்னல் கொக்கியோடு கட்டினேன்.
கண்ணாடிக் குண்டுகளை மேலே ஏற்றி
கீழ்க்கிளைகளுக்கு வைக்கோல் நட்சத்திரம் போட்டேன்.
வயருக்குக் குழாய். சட்டிக்கு மூடி.
கீழ்வீட்டு ஸ்டூடர் குடும்பம் மாதிரி
உண்மையான மெழுகுதிரி வேண்டும் என்றாள் மகள்.
அதுக்கு மட்டும் கேளாதை என்றேன்.

ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன், வெள்ளிச் சரிகை.
"அம்மா தந்துவிட்டவ" என்று
அவளே சுற்றிச் சுற்றித் தொங்கவிட்டது.
கழற்று என்று எந்த வாயால் சொல்வது?

இருபத்துமூன்றாம் திகதி இரவு
கறுவா கட்டிலடியை விட்டு வரவில்லை.
மீனுக்கும் வரவில்லை.
டோர்ச் அடித்தேன்.
வாயோரம் மினுங்கியது ஒரு நூல்.
என் கை தானாகப் போனது.

போனில் டொக்டர் ஏபிஷரின் முதல் சொல்:
இழுக்காதீர்கள்.
சுருக்குப்பையின் நாடாவை இழுப்பதுபோல்தான் அது,
குடல் மடிந்து மடிந்து சுருங்கும், பிறகு கிழியும்.
வெட்டவும் வேண்டாம்.
அப்படியே கொண்டு வாருங்கள்.

கூண்டுக்கு நேரமில்லை, சலவைக்கூடை.
மேலே என் செம்மஞ்சள் வேலைச்சட்டை.
கூடையின் ஒரு காதை அவள் பிடித்தாள், மற்றதை நான்.
உயரம் பொருந்தவில்லை.
நான் குனிந்தபடியே பனிக்குள் நடந்தேன்.

காத்திருக்கும் அறையிலிருந்து அவளுடைய தாயை அழைத்தேன்.
ஏழு மாதமாய் வக்கீல் வாயால் பேசியவள்.
இரவுடுப்பின் மேல் கோட் போட்டபடி வந்தாள்.
"பூனை இருக்கெண்டு நான் யோசிக்கேல்லை."
"நான் கழற்றேல்லை."
அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.
சாருகா நடுவில் நித்திரையானாள்,
ஒரு கை என் சட்டை நுனியில்,
மறு கை கோட் பொத்தானில்.
எனக்குக் கால் மரத்துப்போனது.
அவளுக்கும் மரத்திருக்கும்.
இரண்டுபேரும் அசையவில்லை.

இன்று இருபத்தைந்து.
கறுவாவுக்கு மழித்த வயிறு, ஏழு தையல், கழுத்தில் புனல்.
பில் மரத்தைப்போல் ஐம்பது மடங்கு.
மரம் பால்கனியில் நிற்கிறது, கதவு பூட்டியாயிற்று.
உச்சியைப் பனி தின்றுவிட்டது,
நடுவில் நாலைந்து விளக்கு தெரிகிறது.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
புனலும் தானுமாய் உட்கார்ந்திருக்கிறது பூனை.

ஒரு காகம் வந்து கிளையில் குந்தியது.
கறுவா பல்லைக் கிட்டி, கெக் கெக் என்றது.
இரண்டு நாளைக்குப் பிறகு சாருகா சிரித்தாள்.

எடுத்த சரிகையை ஒரு சின்ன உறையில் போட்டுத் தந்திருந்தார்கள்.
முப்பத்தெட்டு சென்ரிமீற்றர் என்று வெளியே எழுதி.
எறிய மனம் வரவில்லை.
பிரிட்ஜுக்கு மேல் வைத்திருக்கிறேன்.
புனல் கழற்றும்வரை
அங்கே ஏறாது என்று நினைக்கிறேன்.