மைனஸ் பத்து வரை

ஆய்வக அலமாரியின் சாவி தலைமை ஆசிரியரிடம்.
உள்ளே பன்னிரண்டு பீக்கர்,
இருப்புப் பதிவேட்டிலும் பன்னிரண்டு.
உடைந்தால் யார் சம்பளத்தில் பிடிப்பது என்று
இன்றுவரை முடிவாகாததால்
பன்னிரண்டும் பத்திரம்.

ஆகவே எட்டாம் வகுப்பு ஆ பிரிவுக்கு
டீக்கடை கிளாஸ், ஊசி கழற்றிய சிரிஞ்சு,
சைக்கிள் வால்வு டியூப்.
தெர்மாமீட்டர் மட்டும் என்னுடையது,
புதுச்சேரி காந்தி வீதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை
பழைய பேனாக்களுக்கு நடுவில் கிடந்தது.
அறுபது ரூபாய்க்குப் பேரம் பேசினேன்.

மோகித்ராஜ் துறைமுகத்திலிருந்து ஐஸ் கொண்டுவந்தான்,
கோணியில் சுற்றி, கேரியரில் கட்டி.
முதுநகர் ரயில்வே கேட் அடைத்திருந்ததால்
வகுப்புக்கு வந்து சேர்ந்தது பாதிதான்,
சங்கரா மீன் வாடை மட்டும் முழுசாக.
உடைக்கச் சுத்தியல் இல்லை.
பள்ளி மணி அடிக்கும் இரும்புக்கட்டையை இரவல் வாங்கினோம்.
அன்று மூன்றாம் பீரியடுக்கு மணி அடிக்காமல் போனதற்கு
இதுதான் காரணம்.
இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன்.

பூஜ்யம்.
புத்தகம் சொன்ன இடத்தில் பாதரசம் நின்றது.
எல்லோருக்கும் திருப்தி. எனக்கும்.

ஒரு பிடி கல்லுப்பு போட்டால்?

பார்ப்பதற்கு முன் எழுதவேண்டும்,
எழுதியதை அழிக்கக் கூடாது.
எங்கள் வகுப்பில் இருக்கும் ஒரே சட்டம்.
ஐஸ் உருகும், அதில் சண்டையில்லை.
பாதரசம்?
ஏறும் என்றவர்கள் முப்பத்தொரு பேர்.
அசையாது, ஒன்பது.
இறங்கும், ஒன்று.

அந்த ஒன்று பவதாரிணி.
வருகைப் பதிவுக்கு 'உள்ளேன்' சொல்வதோடு
அவள் குரல் அன்றைக்குத் தீர்ந்துவிடும்.
ஏன் இறங்கும்?
'தெரியல டீச்சர்.'
தெரியாமல் எப்படி எழுதினாய்?
'அம்மாகூட ஏலத்துக்குப் போவேன்.
வெறும் ஐஸ் சில்லுனு இருக்கும்.
உப்பு விழுந்த ஐஸு கடிக்கும்.'

ஐஸ் கடிக்குமாம்!
ஏறும் கட்சி பெஞ்சைத் தட்டிச் சிரித்தது.

மரக்காணத்து உப்பு, கைநிறைய.
மைனஸ் இரண்டு. மைனஸ் ஐந்து.
நிறுத்தம் சொல்லும் கண்டக்டர் மாதிரி
ஜன்னத் ஒவ்வொன்றாகக் கத்தினாள்.
மைனஸ் ஒன்பது. பத்து.
அப்புறம் கோடு இல்லை.
எண்கள் போட்டவர்கள் அதோடு நிறுத்திவிட்டார்கள்.
பாதரசம் நிறுத்தவில்லை,
குமிழுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

'தெர்மாமீட்டர் ரிப்பேர்' என்றான் மோகித்ராஜ்.
நல்ல சந்தேகம், எழுது என்றேன்.
துடைத்து, சற்று ஆறவிட்டு,
அவன் அக்குளில் வைத்தே பார்த்தார்கள்.
முப்பத்தாறு. ரிப்பேர் இல்லை.

பிறகு, ஜன்னலோரம் எதையோ மென்றுகொண்டிருந்த ஹரிகேசவன்:
'உருகணும்னா சூடு வேணும்ல?
யாருகிட்டருந்து வாங்குது டீச்சர்?'

பலகையில் எழுத என்னிடம் இரண்டு சொற்கள் இருந்தன.
வடலூர் பயிற்சியில் லேமினேட் செய்து கொடுத்தது.
எழுதியிருந்தால் நாற்பத்தொரு பேரும் பார்த்து எழுதி,
சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு,
கேள்வியை அடக்கம் செய்திருப்பார்கள்.
சாக்பீஸைக் கைப்பைக்குள் போட்டேன்.
யாருகிட்டருந்து? நாளைக்கு ஆளுக்கொரு ஊகம் வேண்டும்.

யாரோ சிரிஞ்சில் ரோஸ்மில்க் நிரப்பி
அந்த வாளியில் செருகியிருந்தார்கள்.
அது கட்டியாகி, குச்சி இல்லாத ஐஸாக
மூன்றாவது பெஞ்சைத் தாண்டும்போது
வாசலில் தலைமை ஆசிரியர் அருள்தாஸ்.
'என்ன வாடை இது?'
'பௌதிகம் சார்' என்றது ஒரு குரல்.
அவர் ஈரத்தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
மணிக்கட்டையைப் பார்த்தார்.
அதை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

மீந்த உப்பை எடுத்துக்கொள்ளலாமா என்று
பவதாரிணி கேட்டாள்.
அவள் விரல் நுனிகளில் வெள்ளையாய் வெடிப்புகள்.
ஆறு மாதமாக அவள் நோட்டைத் திருத்துகிறேன்,
விரல்களைப் பார்த்ததில்லை.

மாலை பாடக்குறிப்பேடு.
'கற்றல் விளைவு' என்ற கட்டம் ஒரு விரற்கடை அகலம்.
மேஜைமேல் தெர்மாமீட்டர், ஒன்றும் நடக்காதது போல்,
முப்பத்து மூன்று.
யோசித்து எழுதினேன்:
மைனஸ் பத்து வரை தெரியும்.