மீட்டர் ஓடாத அழைப்புகள்

கோத்தகிரி பேருந்து நிலையத்துக்கு எதிரே
மஞ்சள் பலகை போட்ட எஸ்.டி.டி. பூத் என்னுடையது.
கண்ணாடிக் கதவு, ஒரு முக்காலி,
தலைக்கு மேலே சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர்.
எதிர்முனையில் யாராவது எடுத்தால்தான் அது ஓடும்.
எடுக்காவிட்டால் காசு இல்லை.

மாசி பிறந்து இரண்டாம் நாள், சனிக்கிழமை.
விடிகாலைப் பனி கொழுந்தைக் கருக்கியிருந்தது.
நாலரை மணி மேட்டுப்பாளையம் பஸ் வரவில்லை.
ஐந்து மணி பஸ்ஸும்.
கேரட் லாரிக்காரர் ஒருவர்
இறங்காமல், என்ஜினை அணைக்காமல் சொன்னார்:
"கோயமுத்தூர்ல குண்டு வெச்சிட்டாங்க.
ஒண்ணு இல்ல. நெறைய."

அரை மணியில் வரிசை மருந்துக்கடையைத் தாண்டியது.
பரீட்சை முடிவு வரும் நாளில்கூட
என் பூத்துக்கு அப்படியொரு கூட்டம் வந்ததில்லை.
ஒரு கணம் மகிழ்ந்தேன்.
அதை எழுதாமல் விட முடியாது.

பூஜ்யம் நாலு ரெண்டு ரெண்டு.
மனைவியைக் கண் ஆபரேஷனுக்குக் கூட்டிப்போன
தம்பிக்காகப் பெள்ளி.
நர்சிங் படிக்கும் மகளுக்காக
டேன்டீ லைன் வீட்டிலிருந்து நடந்தே வந்த சவரியம்மாள்.
சீட்டில் எழுதிய எண், உள்ளங்கையில் எழுதிய எண்,
காலண்டரோடு கிழித்து வந்த எண்.
பூஜ்யம் நாலு ரெண்டு ரெண்டு.
எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன என்றாள்
ஒருத்தி, பதற்றமே இல்லாமல்.

பேக்கரி ஹபீபுன்னிசாவும் நின்றாள்.
அவளுக்கு முன்னே ஓர் ஆள் இடைவெளி,
பின்னே ஓர் ஆள் இடைவெளி.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
குளிருக்கு ஒட்டி நிற்கிற ஊர் எங்களுடையது.

அவள் மகன் முஜீப்
ஜவுளிக்கடையில் புடவை மடிப்பவன்.
கடைக்காரர் வீட்டு எண்.
அன்று மாலை அது ஒன்றுதான் மணியடித்தது.
அடித்தது, அடித்தது, அடித்து ஓய்ந்தது.
இருபத்திரண்டு முறை போட்டேன்.
இரண்டு கையாலும் ரிசீவரைப் பிடித்திருந்தாள்
சூடான தம்ளரைப் பிடிப்பதுபோல.
மீட்டரில் பூஜ்யம்.
பத்து ரூபாயை மேஜையில் வைத்தாள்.
வேண்டாம் என்றேன்.
"நாளைக்கும் போடணுமே" என்றாள்.

கதவைப் பூட்டிவிட்டு வளைவுவரை நடந்தேன்.
கீழே சமவெளி முழுக்க விளக்குகள்.
எண்ணிப் பார்த்ததில்லை அதற்கு முன்.
அன்றும் எண்ண முடியவில்லை.
ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை.

பெள்ளியின் தம்பி மனைவி
கண்ணில் கட்டோடு தனியாக வந்தாள்.
யாராவது கைபிடித்து இறக்கும்வரை
பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தாள்.
சவரியம்மாளின் மகள் வந்துவிட்டாள்.
வார்டில் என்ன கழுவினாள் என்று
இன்றுவரை சொன்னதில்லை.
முஜீப் செவ்வாய்க்கிழமை வந்தான்,
வெள்ளை வேனில், முன்னும் பின்னும் போலீஸ்.
கடைவீதி ஷட்டர்கள் பாதி இறங்கின,
மரியாதைக்கா பயத்துக்கா தெரியாமல்.
என்னுடையதும்.

பிறகு சில மாதம் அந்த பேக்கரியில்
வர்க்கி அடுக்கியபடியே இருந்தது.
மறுபடி எப்போது வாங்கத் தொடங்கினேன்
என்று நினைவில்லை.
வசதியான மறதி.

இப்போது ஜெராக்ஸும் ரீசார்ஜும்.
மஞ்சள் பலகை மழைக்கு மறைப்பாக
விறகின் மேல் கிடக்கிறது.
ஒவ்வொரு மாசியிலும் அந்த எண்ணைப் போடுகிறேன்.
நடுவில் ஒரு வருடம்
முன்னால் ஒரு இரண்டு சேர்த்தார்கள்; சேர்த்துக்கொண்டேன்.
உபயோகத்தில் இல்லை என்றது பல வருடம்.

இந்த வருடம் ஒருவர் எடுத்தார்.
பின்னால் மிக்சி சத்தம், ஒரு குழந்தையின் அழுகை.
"முஜீப் இருக்காரா?"
"அப்படி யாரும் இங்க இல்லீங்க."
வைக்கவில்லை அவர்.
"எந்த ஊர்லிருந்துங்க?"
கோத்தகிரி என்றேன்.
"அங்க இப்ப பனிங்களா?"
ஆமாம் என்றேன்.
கொழுந்தெல்லாம் கருகிவிட்டது என்றேன்.