இருவருக்கு ஒன்று

செவ்வாயும் வெள்ளியும் நாலரை மணிக்கு
கிச்சிப்பாளையம் மாநகராட்சிப் பள்ளியில்
அறிவியல் கூடத்தைத் திறந்துவிடுவார்கள்.
உள்ளே
ஓர் எலும்புக்கூட்டுப் படம்,
மூடி தொலைந்த குப்பிகள்,
நான்கு கிட்டார்.

ஏற்காட்டில் ஏதோ பெரிய பள்ளிக்கூடம் கழித்துக்கட்டியதாம்.
மலையிறங்கும்போது ஒன்றுக்கு வயிறு கீறிவிட்டது,
எம்-சீல் வைத்து அடைத்திருந்தாள் ஷெரின் அக்கா.
இன்னொன்றின் முதுகில்
ஆதித்யா, ஏழாம் வகுப்பு பி என்று ஸ்டிக்கர்.
ஆதித்யாவை எனக்குத் தெரியாது.
மூன்று மாதமாக அவன் பெயர்
என் வயிற்றில் உரசிக்கொண்டிருக்கிறது.

அக்காவுக்கு இருபத்திரண்டு வயது.
காலையில் ஐந்து ரோட்டில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறாள்.
யார் கையைப் பிடித்தாலும்
நரம்பைத்தான் முதலில் பார்ப்பாள்.
நாங்கள் கம்பி என்று சொன்னாலும்
நரம்பு என்று திருத்துவாள்.

"காசெல்லாம் வேணாம்.
நகம் மட்டும் வெட்டிட்டு வாங்க."

காசு கேட்காத இடத்தில் வேறென்ன கேட்பார்களோ என்று
அம்மா மூன்று நாள் யோசித்தாள்.
பிறகு, ஆறு மணிக்குள் வந்துடு என்றாள்.
நாங்கள் கொலுசுக்குக் கண்ணி கோர்க்கிறவர்கள்.
வெள்ளியை எடை போட்டுத் தருவார்கள்
எடை போட்டு வாங்குவார்கள்.
தரையில் சிந்திய பொடியையும்
ஈரத்துணியால் ஒற்றியெடுக்க
ஆறு மணிக்கு ஓர் ஆள் வேண்டும்.

ஒன்பது பேர் நாங்கள்.
இருவருக்கு ஒன்று என்று பிரித்ததில்
ரியாஸ் மிஞ்சினான்.
அவன் பெஞ்சைத் தட்டத் தொடங்கியவன்
பிறகு கிட்டாரே கேட்கவில்லை.

எனக்கு வாய்த்தவள் பூவிழி.

என் இடக்கை ஒரு சோம்பேறி.
சுட்டுவிரலை அழுத்தினால் மோதிரவிரல் எழுந்து நிற்கும்.
நரம்பு டொக் டொக்கென்று இருமும்.
அவளுக்கோ பிறவியிலிருந்தே எல்லாம் இடக்கைதான்.
எழுதினால் அடி
திருநீறுக்கு நீட்டினால் அடி
பத்து ரூபாய் கொடுத்தால்
சோத்தாங்கையில குடு என்று
வாங்காமல் நிற்பார் கடைக்காரர்.
துப்பட்டாவுக்குள்ளேயே வளர்ந்த கை அது.

"கிட்டார்ல மூளை எல்லாம் இடக்கைக்குத்தான்.
வலக்கை சும்மா கதவு தட்டுற கை"
என்றாள் அக்கா, இரண்டாம் வாரம்.

துப்பட்டா விலகியது.
ஜி. சி. டி.
நாங்கள் மாதக்கணக்கில் மல்லுக்கட்டும் எஃப்
அவளுக்கு மூன்றாம் நாளே படிந்தது.
ஆனால் வலக்கையால் மீட்டச் சொன்னால்
முறத்தில் அரிசி புடைப்பதுபோல இருக்கும்.

அதனால் கிட்டார் என் மடியில்
அவள் என் இடப்பக்கம்
அவள் அழுத்த நான் தட்ட
இப்படியே பழகிப்போனோம்.
ஜன்னலுக்கு வெளியே பையன்கள்
"ஜோடி! ஜோடி!" என்று கத்தினார்கள்.
பூவிழி திரும்பாமல் சொன்னாள்:
"டி மைனர்டா. இங்க கவனி."

நேற்று கரண்ட் போனது.
யாரும் நிறுத்தவில்லை.
விரலைப் பார்க்க வெளிச்சமில்லாததாலோ என்னவோ
முதன்முறையாக ஒரு பாட்டு
நடுவில் தடுக்காமல் முடிந்தது.
ரியாஸின் பெஞ்ச் மட்டும் இரண்டு தட்டு கூடுதலாகத் தட்டி ஓய்ந்தது.

அக்கா செல்போன் விளக்கைப் போட்டாள்.
அப்பாடா என்று நாங்கள் சிரித்தபோது சொன்னாள்:
"நல்லாருக்கு. அடுத்த வாரம் கை மாத்திக்கணும்.
ஒருத்தர் லீவு போட்டா
இன்னொருத்தர் பாதிப் பாட்டோடயா நிப்பீங்க?"

பூவிழி தன் வலக்கையைப் பார்த்தாள்,
யாரோ வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பதுபோல.

இரவு ரசஞ்சாதத்தை
இடக்கையால் பிசைந்தேன்.
அகப்பை மண்டையில் இறங்கியது.
"பீச்சாங்கையில திங்கிறியாடா மணிமாறா?"
"பாடம்மா" என்றேன்.
பாதிச் சோறு மடியில் கிடந்தது.

அந்நேரம் அடுத்த தெருவில்
யாரோ ஒரு தகரக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.
மூன்று தட்டு
ஓர் இடைவெளி
ஒரு தட்டு
மறுபடி முதலிலிருந்து.
தாளம் தப்பித் தப்பி.
யாரும் போய்த் திறக்கவில்லை.
தட்டுகிறவரும் அதற்காகத் தட்டுவதாகத் தெரியவில்லை.